தெரியுமா? பசையே இல்லாமல் பூச்சி பிடிக்கும் சிலந்தி!

யூனியன்வில் டூகுட் குளத்தைச் சுற்றி நடக்கப் போகிறவர்கள் வாத்தைப் பார்ப்பார்கள், ஆமையைப் பார்ப்பார்கள். கரையோரப் புதருக்குள் யார் எட்டிப் பார்க்கிறார்கள்? ஓகஸ்ட், செப்டெம்பரில், இலையில் பனித்துளி காயுமுன் கொஞ்சம் குனிந்து தேடுங்கள். நூலில் கட்டிய கிண்ணம் ஒன்று தொங்கினால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அதற்குக் கீழே தட்டையாக இன்னொரு விரிப்பும் இருக்கும்!

கட்டியவர் யார் தெரியுமா? நாலே மில்லிமீட்டர் சிலந்தி! விஞ்ஞானப் பேரினப் பெயர் ஃப்ரொன்டினெல்லா. தெற்கு ஒன்ராறியோவில் அரிதே அல்ல, கவனிக்கத்தான் ஆளில்லை.

இந்த வலையில் பசை கிடையாது! பிறகு பூச்சி எப்படி மாட்டும்? கிண்ணத்துக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கண்டபடி நூல்கள். பறந்து வரும் கொசுவோ குட்டி ஈயோ அதில் இடறிக் கிண்ணத்துக்குள் விழும். சிலந்தி இருப்பதோ கிண்ணத்தின் அடியில், தலைகீழாக. அதிர்வு தெரிந்ததும் ஓடிவந்து, வலைக்கு ஊடாகவே கடித்துக் கீழே இழுத்துவிடும்! கீழ்விரிப்பு எதற்கு? அடியிலிருந்து வரும் எதிரியைத் தடுக்க என்பது ஆய்வாளர்களின் ஊகம். தலைகீழாகத் தொங்குபவருக்கு முதுகு கீழ்ப்பக்கம் அல்லவா!

பெண் சிலந்தி ஆணைத் தின்றுவிடும் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்? இங்கே ஆண், பெண்ணின் வலையிலேயே வந்து தங்கும். வீட்டோடு மாப்பிள்ளை!

இதன் குடும்பம் லினிஃபிடே. உலகில் 4,500க்கும் மேற்பட்ட இனங்கள்! இதை முந்துவது குதிக்கும் சிலந்திக் குடும்பம் மட்டுமே. கனடாவிலோ இதுதான் முதலிடம். நாம் ஜாக்கெட்டுக்குள் நடுங்கும் மாதங்களில் ஸ்னோவின் மேலேயே நடந்து திரியும் இனங்களும் இதில் உண்டு.

இந்தக் குடும்பத்துச் சிலந்திகளுக்கு இறக்கை இல்லை, ஆனால் பறக்கும்! பின்பக்கத்தை உயர்த்தி நூலை விட்டால் போதும். 1832இல் தென் அமெரிக்கக் கரைக்கு 60 மைல் அப்பால் போய்க்கொண்டிருந்த பீகிள் கப்பலின் கயிறுகளில் ஆயிரக்கணக்கான குட்டிச் சிலந்திகள் இப்படி வந்து இறங்கியதைப் பார்த்து அசந்துபோனவர் சார்ள்ஸ் டார்வின்.

எல்லாம் காற்றின் வேலையா? 2018இல் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் எரிகா மோர்லியும் டேனியல் ராபர்ட்டும் இதே குடும்பத்து எரிகோன் சிலந்திகளைக் காற்றே அசையாத பெட்டிக்குள் விட்டு மின்புலத்தை உண்டாக்கினார்கள். சிலந்திகள் கால் நுனியில் எழும்பி நின்று நூல் விட்டன. சில கிளம்பியே விட்டன! சுவிட்சைப் போட்டால் மேலே, அணைத்தால் கீழே!