பாட்டி தைத்த சட்டையும் படப் புத்தகமும்

குளத்தூர்க் கரிசலில் விதைப்புச் செலவும் தீபாவளிச் செலவும் ஐப்பசியில் ஒருங்கே வந்து சேரும். ஆயினும் பேரப் பிள்ளைக்குப் புத்தாடை இல்லையென்று சொல்லப் பாட்டிக்கு மனம் வராது. வீட்டிலுள்ள கைத்தறித் துணியே பாவாடையாகவும் சட்டையாகவும் உருப்பெறும். புதுத் துணியாயின், நனைத்து உலர்த்திய பின்னரே வெட்டுதல் வேண்டும். இல்லையேல் தைத்தபின் சுருங்கும். பாவாடையின் அடிமடிப்பில் நான்கு விரற்கடை துணி விட்டுத் தைப்பின், பிள்ளை வளர்ந்ததும் பிரித்து இறக்கிக் கொள்ளலாம்.

ஆடையைப் போன்றே கதையும் பாட்டியின் கொடையாகும். கோவிற்பட்டியை அடுத்த இடைசெவலில் 1923-இல் பிறந்த கி. ராஜநாராயணன், கரிசல் மக்களின் வாய்மொழிக் கதைகளைத் தொகுத்து நூலாக்கினார். பள்ளிப் பிள்ளைகளுக்கெனத் தமிழக அரசு 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளில் சிறு படப் புத்தகங்களை அளித்தது.

"எழுத்தறியேனே" என்று தயங்கும் மூதாட்டியரைச் சங்கங்களைப் பார்வையிடச் சென்ற இடங்களில் கண்டிருக்கிறேன். தயக்கம் வேண்டா. படத்தைப் பார்த்துப் பாட்டி கதை சொல்லட்டும். எழுத்தைக் கூட்டிப் பிள்ளை படிக்கட்டும்.

அரசுப் பள்ளிச் சீருடைகளைத் தைத்துத் தருவோர் மகளிர் தையற் கூட்டுறவுச் சங்கத்தினரே. அங்கத்தினர்களே, அப்பிள்ளைகளுக்கு உடை தைப்பதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. தலைமையாசிரியரின் இசைவு பெற்று, வாரம் ஒருமுறையேனும் அவர்களுடன் அமர்ந்து புத்தகம் படிப்போமாக.