மென்பொருள் இலவசம், உழைப்பும் இலவசமா?



நமது கடைகளிலும் மத்ரஸாக்களிலும் பள்ளிவாசல் காரியாலயங்களிலும் இன்று கணனி சர்வசாதாரணமாகி விட்டது. கணனிக்குக் காசு கொடுத்து வாங்குகிறோம். அதனை இயக்கும் மென்பொருளோ பல இடங்களில் யாரோ பிரதி செய்து கொடுத்ததாக இருக்கிறது. "சும்மா கிடைப்பதற்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்?" என்று கேட்போரும் உண்டு. மார்க்க நோக்கிலும் வியாபார நோக்கிலும் இக்கேள்வியைச் சற்று ஆராய்வோம்.

பிரதி செய்வது ஆகுமா?

1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, நூலாக்க உரிமையும் கண்டுபிடிப்பு உரிமையும் ஷரீஅத் மதிக்கும் உரிமைகள் என்றும், அவற்றில் அத்துமீறுவது கூடாது என்றும் தீர்மானித்தது. மென்பொருளும் ஒருவரின் ஆக்கமே. உரியவரின் அனுமதியின்றி அதைப் பிரதி செய்து பாவிப்பதைச் சிறிய விடயமாக நாம் எண்ணி விடக்கூடாது.

ஆனால், ஆக்கியவரே அனுமதித்து விட்டால்? அமெரிக்கரான றிச்சர்ட் ஸ்டோல்மன் 1983 இல் ஆரம்பித்த குனூ திட்டத்தின் நோக்கம் அதுவே. எவரும் பாவிக்கலாம், பிரதி எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். இதனையே கட்டற்ற மென்பொருள் என்கிறோம். இங்கே பேசப்படுவது சுதந்திரம், விலையல்ல. ஸ்டோல்மனே தனது ஈமாக்ஸ் மென்பொருளை நாடாவில் பதிந்து 150 டொலருக்கு விற்றார்.

கிணறும் திறப்பும்

பிக்ஹ் நூல்களில் விற்பனை ஒரு பாடம். 'இஜாரா' எனும் கூலி ஒப்பந்தம் வேறொரு பாடம். வக்பு செய்யப்பட்ட பள்ளிவாசல் கிணற்றின் தண்ணீர் எல்லோருக்கும் பொது. ஆனால் தண்ணீர் மோட்டர் பழுதானால் திருத்துபவருக்குக் கூலி கொடுத்தே ஆக வேண்டும். ஒருவர் சரியாகச் செய்யாவிட்டால் மற்றொருவரை அழைக்கலாம்.

தனியுரிமை மென்பொருள் பூட்டிய கிணறு போன்றது. திறப்பு கம்பனியிடம் மட்டுமே உண்டு. விண்டோஸ் 10 க்கான வழமையான பராமரிப்பை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 இல் நிறுத்தியது. பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்தும் தேவைப்படும் நிறுவனங்களுக்கு முதலாம் வருடம் கணனி ஒன்றுக்கு 61 டொலர் என விலை குறித்தது. அடுத்து வரும் ஒவ்வொரு வருடமும் அது இரட்டிப்பாகும். இதில் மோசடி எதுவுமில்லை. ஆனால் பேரம் பேச வேறு கடை இல்லை.

கட்டற்ற மென்பொருளில் கூலிக்கே வியாபாரம். 1989 இல் அமெரிக்காவில் மூவர் சேர்ந்து சிக்னஸ் என்ற கம்பனியை ஆரம்பித்தனர். குனூ மென்பொருளைப் பராமரித்துக் கொடுப்பதே அவர்களின் தொழில். பின்னர் அதனை வாங்கிய ரெட் ஹெட் கம்பனி, லினக்ஸ் பராமரிப்புக்கு வருடச் சந்தா வாங்கி 2012 நிதியாண்டில் நூறு கோடி டொலருக்கு மேல் வருமானம் கண்டது. 2019 இல் அக்கம்பனியை ஐ.பி.எம். 3,400 கோடி டொலருக்கு வாங்கியது.

கூலி கொடாததன் விளைவு

இதற்கு மறுபக்கமும் உண்டு. இணையத்தில் அனுப்பும் இரகசியங்களைக் காக்கும் ஓபன் எஸ்.எஸ்.எல். என்ற கட்டற்ற மென்பொருளை உலகின் பெரும் கம்பனிகளெல்லாம் பாவித்து வந்தன. அதற்கு வருடாந்தம் கிடைத்த நன்கொடையோ ஏறத்தாழ 2,000 டொலர்! முழுநேரமாக உழைத்தவர் ஒருவரே. 2014 ஏப்ரலில் அதில் 'ஹார்ட்பிளீட்' என்ற பாரதூரமான ஓட்டை வெளியானது. அதன் பின்னரே பெரும் கம்பனிகள் ஒன்றுகூடிப் பணம் ஒதுக்கின.

கிணறு எல்லோருக்கும் பொது. தூர்வாருவது மட்டும் எவர் பொறுப்பும் இல்லை என்றிருந்ததன் விளைவு இது. கூலியாளின் கூலியைத் தாமதியாது கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியிருப்பது நாம் அறியாததல்ல.

நாம் செய்ய வேண்டியது

வாசகர்களே! உங்கள் நிறுவனத்தில் உள்ள மென்பொருட்களை ஒருமுறை கணக்கெடுங்கள். அனுமதியற்றவை இருந்தால் ஒன்றில் விலை கொடுத்து வாங்குங்கள்; அல்லது எழுதவும் கணக்குப் பார்க்கவும் கட்டற்றவற்றைப் பாவியுங்கள். பழகச் சில வாரங்கள் செல்லும். முதலில் ஒரு கணனியில் செய்து பாருங்கள். மிச்சமாகும் பணம் முழுவதையும் இலாபமாக எண்ணாதீர்கள். ஒரு பகுதியைப் பராமரிப்புக்கென ஒதுக்கி, தொழில் தெரிந்த ஊர் இளைஞர் ஒருவரை மாதக் கூலிக்கு அமர்த்துங்கள். அனுமதிப் பத்திரத்துக்காக வெளிநாடு செல்லும் பணம் ஒரு குடும்பத்தின் அடுப்பை எரிய வைக்கும். "தம்பி, இதைக் கொஞ்சம் பார்த்து விடுங்கள்" என்று சும்மா வேலை வாங்கி அனுப்பி விடாதீர்கள்.

அடுத்தவர் உரிமையைப் பேணி, ஹலாலான முறையில் நம் காரியங்களை அமைத்துக்கொள்ள அல்லாஹ் அருள் புரிவானாக!