ஃப்ரோசன் கீரை: குளிருக்கு முன்னால் ஒரு வெந்நீர்

லண்டனிலோ டொரொண்டோவிலோ தமிழ்க் கடைக்குப் போனால் முருங்கைக்கீரை ஃப்ரீசரிலும் இருக்கும். கல்லாக இறுகிய அந்தப் பாக்கெட்டைப் பார்த்ததும், "இதில் என்ன சத்து மிஞ்சியிருக்கும்?" என்றுதான் தோன்றும். கொஞ்சம் போயிருக்கும், உண்மைதான். ஆனால் அதில் பெரும்பங்கு போனது குளிரில் இல்லை, அதற்கு முந்தின வெந்நீரில்.

பறித்த பிறகும் கீரையின் என்சைம்கள் ஓய்வதில்லை. மைனஸ் 18 டிகிரியில்கூட மெல்ல மெல்ல நிறத்தையும் மணத்தையும் கெடுத்துவிடும். அவற்றை அடக்கத்தான் பாலக் போன்ற கீரைகளை ஆலையில் முதலில் கொதிநீரிலோ ஆவியிலோ ஓரிரு நிமிடம் வாட்டி, சட்டென்று ஆறவைத்து, பிறகு உறையவைக்கிறார்கள். தண்ணீரில் கரையும் வைட்டமின் சி, ஃபோலேட் இரண்டும் அங்கேதான் கழன்று போகின்றன. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி 100 கிராம் பச்சைப் பாலக்கில் வைட்டமின் சி 28 மில்லிகிராம். உறைந்ததில் 5 சொச்சம்தான். நார்ச்சத்து, பீட்டா கரோட்டின், வைட்டமின் கே எல்லாம் பெருமளவு தங்கிவிடும்.

அதற்காகப் பச்சைக்கீரைதான் எப்போதும் உசத்தி என்று சொல்லிவிட முடியாது. ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் வாடிய பாலக்கில் ஃபோலேட் ஏறக்குறைய பாதியாகிவிடும். காலையில் பறித்து மதியம் கடைபவர் வேண்டுமானால் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். பாலக்கின் கால்சியத்தை மட்டும் யாரும் நம்ப வேண்டாம். ஆக்சலேட் பிடித்து வைத்திருப்பதால், பச்சையோ உறைந்ததோ, உடலில் சேர்வது 5 சதவீத அளவுதான்.

சமையலில் உறைந்த கீரையைப் பாதி வெந்ததாகவே நினைக்க வேண்டும். உறையும்போது ஐஸ் படிகங்கள் இலையின் செல்களைக் கிழித்துவிடுவதால் பொரியல் உதிரியாக வராது, சொதசொதவென்று நிற்கும். மசியல், கூட்டு, பாலக் பனீருக்கோ அதுவே வசதி. மத்துக்கு வேலை குறைவு. பருப்பு வெந்ததும் கட்டியை அப்படியே போடலாம், உருகக் காத்திருக்க வேண்டாம். புளியைக் கடைசியில் விடுங்கள்; புளிப்போடு கொதித்தால் பச்சையத்திலிருந்து மெக்னீசியம் விலகி, நிறம் பழுப்பேறிவிடும். அடைக்கும் வடைக்கும் மட்டும் உருகவிட்டுக் கையால் ஒட்டப் பிழிய வேண்டும். பச்சைப்பசேலென்று இறங்கும் அந்தத் தண்ணீரில் சப்பாத்தி மாவு பிசையலாம்.

வீட்டிலும் கீரையை உறையவைத்துக்கொள்ளலாம். ஆய்ந்த கீரையைக் கொதிநீரில் 2 நிமிடம், உடனே ஐஸ் தண்ணீரில் ஒரு முக்கு, பிறகு பிழிந்து ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் காற்றில்லாமல் கட்டி ஃப்ரீசரில் வைக்கவும். மின்வெட்டு மணிக்கணக்கில் நீளும் ஊரில் இந்த வேலையே வேண்டாம்.