ஓட்டுநர் இல்லாத ரயிலில் யாருக்கு எந்த வேலை?

மாணவர்களே, பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனால் கே.எல். சென்ட்ரலில் கிளானா ஜெயா வழித்தட எல்.ஆர்.டி.யைக் கவனியுங்கள். 1998-இல் திறக்கப்பட்ட இத்தடத்தில் வழக்கமாக ரயிலை ஓட்டுவது கணினிதான்.

மணிக்கு 72 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 20 மீட்டர். பிரேக் கட்டளை அரை நொடி தாமதித்தால் ரயில் 10 மீட்டர் கூடுதலாக ஓடிவிடும். இங்கே தாமதமாக வரும் சரியான விடையும் தவறான விடைதான்!

குறித்த நேரத்துக்குள் பணிகளை முடிக்க, எது முதலில் என்று முடிவு செய்யும் மென்பொருளே நிகழ்நேர இயங்குதளம். ஆனால், அப்படி முடிவு செய்வதற்கும் நேரம் செலவாகும். எனவே இத்தகைய கணினிகளில், நேரத்தை எண்ணுவது, அவசரச் சமிக்ஞைகளை வரிசைப்படுத்துவது போன்ற மாறாத வேலைகளை வன்பொருளிடம் விடலாம். மின்சுற்று அவற்றை வேகமாக, ஒவ்வொரு முறையும் ஒரே கால அளவில் முடிக்கும். ஆனால், அதைப் பின்னர் மாற்றுவது கடினம். ஆகவே, மாறக்கூடிய விதிகள் மென்பொருளில் இருக்கும்.

மென்பொருளே செயலிழந்துவிட்டால்? அதற்காகவே 'காவல் கடிகாரம்' என்ற தனி மின்சுற்று உண்டு. மென்பொருள் அதைக் குறித்த நேரத்துக்குள் மீண்டும் தொடக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். தவறினால், அது கணினியை மறுபடி இயக்கும் அல்லது இயந்திரத்தைப் பாதுகாப்பாக நிறுத்தும்.

அடுத்த முறை ரயில் ஏறும்போது யோசியுங்கள்: கதவை மூடும் வேலையில் எதை மின்சுற்றிடமும் எதை மென்பொருளிடமும் கொடுப்பீர்கள்?