திரைக்குப் பின்னால் மூன்று பெட்டிகள்

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு

இசைக்கு உருகாத உள்ளம் உண்டோ? ஞாயிறு திருப்பலியில் பாடகர் குழு பாடும்போது கல்நெஞ்சும் கரைகிறது. அதே பாடலை வீட்டில் ஒரு பெட்டியின் வழியாகக் கேட்கிறோம். அப்போது நம் செவிக்கு வருவது அந்த இசைதானா, அல்லது அதன் நிழலா? இந்தக் கேள்வி இவ்வாண்டு எங்களுக்குப் பரீட்சைக் கேள்விகளைவிடப் பெரிய கேள்வியாகிவிட்டது.

எங்கள் பள்ளி இசையறைக்கு ஒலிக்கருவிகள் வாங்குவதற்காகப் பெற்றோரும் முன்னாள் மாணவியரும் அன்புடன் நிதி திரட்டித் தந்தார்கள். அதில் பெரும்பகுதியை 'டாக்' என்னும் ஒரே ஒரு கருவிக்குச் செலவிடலாமா என்று யோசனை எழுந்தது. எங்கள் தோழி ஒருத்தியின் தாத்தா பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நம் ஊர்ப் பேச்சில் 'சொல்தா'. அவர் வீட்டில் அத்தகைய உயர்ந்த கருவி ஒன்று இருக்கிறது. "நீங்களே போய்க் கேட்டுவிட்டு வந்து உண்மையைச் சொல்லுங்கள்" என்று தலைமைச் சகோதரி எங்கள் ஐவரை அனுப்பி வைத்தார்கள். நாங்கள் கேட்டதையும் கற்றதையும் இங்கே எழுதுகிறோம்.

'டாக்' என்றால் என்ன?

ஒலி என்பது காற்றில் எழும் அலை. கடற்கரைச் சாலையில் நின்று பார்த்தால் கடலலை இடைவிடாமல் ஏறி இறங்குவது தெரியும். ஒலியலையும் அப்படித்தான். ஆனால் குறுந்தகட்டிலும் கணினியிலும் கைப்பேசியிலும் இருப்பவை அலைகள் அல்ல, எண்கள். குறுந்தகட்டில் ஒரு விநாடி இசைக்கு, வலப்பக்கத்துக்கு 44,100 எண்களும் இடப்பக்கத்துக்கு 44,100 எண்களும் பதிந்துள்ளன. அந்தந்தக் கணத்தில் அலை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதை ஒவ்வோர் எண்ணும் சொல்கிறது. அந்த உயரத்தை அளக்கும் அளவுகோலுக்கு 65,536 படிகள் உண்டு.

எண்களைக் காது கேட்காது. அவற்றை மீண்டும் மின்னலையாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்ப வேண்டும். இவ்வேலையைச் செய்யும் கருவியைத்தான் அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'டாக்' என்கிறார்கள். கைப்பேசிக்குள்ளும் ஒரு சிறு டாக் இருக்கிறது. இசைப் பிரியர்கள் அதைத் தனிப் பெட்டியாக வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எண்கள் வாசலில் வைத்த புள்ளிகள். டாக் என்பது அப்புள்ளிகளின் வழியே இழை இழுக்கும் கை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. வாசலில் ஒரே புள்ளிகளை வைத்துப் பல கோலங்கள் போடலாம். இங்கோ, விநாடிக்கு 22,050 முறையும் அதற்கு மேலும் அதிரும் ஒலியைப் பதிவதற்கு முன்பே நீக்கிவிட்டால், அந்தப் புள்ளிகளுக்குப் பொருந்தும் கோலம் ஒன்றே ஒன்றுதான். அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன் 1949-ல் இதை நிறுவிக் காட்டினார். மனிதச் செவிக்கு எட்டுவது ஏறக்குறைய 20,000 அதிர்வுகள் வரையே. ஆகவே நன்கு செய்யப்பட்ட டாக் எதுவானாலும் ஒரே கோலத்தைத்தான் போட முயல்கிறது.

ஒலியை இவ்வாறு எண்ணாக்கும் யோசனை பிறந்த இடம் பாரிஸ் என்பது புதுச்சேரிப் பெண்களாகிய நமக்குச் சுவையான செய்தி அல்லவா! அங்கே ஒரு தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஆங்கிலேயப் பொறியாளர் அலெக் ரீவ்ஸ் 1937-ல் இதைச் சிந்தித்தார். 1938-ல் பிரெஞ்சுக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இந்த முறையில் இசை வீடுகளுக்குள் வர வெகு காலம் ஆயிற்று. 1982-ல்தான் சோனி, பிலிப்ஸ் நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய குறுந்தகடு ஜப்பானில் விற்பனைக்கு வந்தது.

இரண்டு வழிகள்

எண்ணை மின்னழுத்தமாக மாற்ற முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று ஏணி முறை. இது நகைக்கடைத் தராசு போன்றது. ஒவ்வொரு எடைக்கல்லும் முந்தியதில் பாதி. எண்ணுக்கு ஏற்ற கற்களைத் தட்டில் வைத்தால் சரியான எடை வந்துவிடும். கற்களுக்குப் பதில் இங்கே இருப்பவை மின்தடைகள். இதில் ஒரு சிரமம் உண்டு. பதினாறு கற்களில் மிகப் பெரியதில் ஏற்படும் பிழை, மிகச் சிறிய கல்லின் எடையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அதனால்தான் நல்ல ஏணி டாக்குகளின் விலை ஏறுகிறது.

மற்றொன்று டெல்டா-சிக்மா முறை. குழாயை வேகவேகமாகத் திறந்து மூடினால், திறந்திருக்கும் நேரத்தைப் பொறுத்து வாளியில் நீர் நிறையும் அல்லவா? அதுபோல, ஒரு சில படிகளை மட்டும் வைத்துக்கொண்டு, விநாடிக்குப் பல இலட்சம் முறை மாற்றி மாற்றி, சராசரியால் சரியான உயரத்தை அடைவது இம்முறை. இதனால் உண்டாகும் இரைச்சல் செவிக்கு எட்டாத உயரத்துக்குத் தள்ளப்படுகிறது. இன்று கைப்பேசி முதல் விலையுயர்ந்த பெட்டி வரை பெரும்பாலானவற்றில் இருப்பது இதுவே.

முதல் நாள்

தாத்தா வீட்டில் மூன்று பெட்டிகள் காத்திருந்தன. முதலாவது தீப்பெட்டி அளவு, சில ஆயிரம் ரூபாய், டெல்டா-சிக்மா முறை. இரண்டாவது தாத்தாவின் கண்மணி, வெள்ளி நிறம், தூக்கவே இருவர் வேண்டும், விலை இலட்சத்துக்கு மேல், இதுவும் டெல்டா-சிக்மாவே. மூன்றாவது அவருடைய நண்பர் இரவல் கொடுத்த ஏணி டாக். அது புள்ளிகளை வளைகோட்டால் இணைக்காமல், படிக்கட்டு போல அப்படியே விட்டுவிடும் வகை. அந்த வகையே இயற்கையானது என்று சொல்லும் இரசிகர்கள் பலர் உண்டு.

டி.கே. பட்டம்மாள் பாடிய பாரதியார் பாடல், ஒரு வீணைக் கச்சேரி, ஜால்ராவுடன் நாங்களே பாடிய தேவமாதா பாடலின் பதிவு ஆகியவற்றைக் கேட்டோம். எங்கள் குறிப்பேட்டில் எழுதியதை ஒளிக்காமல் சொல்கிறோம். இரண்டாவது பெட்டிக்கு "தேன்", "குரலில் உயிர் இருக்கிறது" என்று எழுதினோம். முதலாவதற்கு "தகரம்" என்று எழுதினோம். ஐவரில் ஒருத்திகூட மாறுபடவில்லை. தாத்தாவும் மகிழ்ந்து எங்களுக்கு ரோஸ் மில்க் வாங்கித் தந்தார்.

மறுநாள் எங்கள் இயற்பியல் ஆசிரியை குறிப்பேட்டைப் படித்துவிட்டு இரண்டே கேள்விகள் கேட்டார்கள். "மூன்றின் ஒலியளவும் ஒன்றுதானா என்று அளந்தீர்களா? எந்தப் பெட்டி என்று தெரியாமல் கேட்டீர்களா?" நாங்கள் விழித்தோம்.

அப்போது மறைக்கல்வி வகுப்பில் படித்த ஈசாக்கு எங்களுக்கு நினைவுக்கு வந்தார். பார்வை மங்கிய அந்த முதியவர், பேசியது யாக்கோபின் குரல் என்பதைக் காதால் சரியாகவே கண்டுகொண்டார். ஆனால் ஆட்டுத்தோல் போர்த்திய கையைத் தடவிப் பார்த்து, ஏசா என்று நம்பி ஏமாந்தார். காது சொன்ன உண்மையை வேறொரு புலன் மறைத்துவிட்டது. எங்களுக்கு ஆட்டுத்தோலாக வந்தவை வெள்ளி நிறமும் விலைச்சீட்டுமோ?

இரண்டாம் நாள்

பள்ளியின் மல்டிமீட்டரை வாங்கிச் சென்றோம். ஒரே சீரான ஒலியை ஒலிக்கவிட்டு அளந்தால், முதல் பெட்டியும் மூன்றாவதும் 2.0 வோல்ட் தந்தன. தாத்தாவின் பெட்டி 2.2 வோல்ட் தந்தது. இது ஒரு டெசிபெலுக்கும் குறைந்த வேறுபாடு. இவ்வளவு சிறிய வேறுபாட்டைக் காது "சத்தம் கூட" என்று உணர்வதில்லை. "நன்றாக இருக்கிறது" என்றே உணர்கிறது. ஆகவே அதன் ஒலியைக் குறைத்து மூன்றையும் சமமாக்கினோம்.

பிறகு பெட்டிகளின் முன் திரை கட்டினோம். ஒருத்தி திரைக்குப் பின்னால் நாணயம் சுண்டி, பூ விழுந்தால் ஒரு பெட்டி, தலை விழுந்தால் மற்றொரு பெட்டி என்று மாற்றுவாள்; வாய் திறக்கக் கூடாது. முன்னால் இருப்பவர்கள் எந்தப் பெட்டி என்று தாளில் எழுத வேண்டும். ஒவ்வொருவருக்கும் 20 முறை. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலும் பத்து சரியாக வந்துவிடும். ஆனால் ஊகத்தால் மட்டும் 15 அல்லது அதற்கு மேல் வருவது நூற்றுக்கு இரண்டு தடவைதான். ஆகவே 15-ஐத் தேர்ச்சி மதிப்பெண் என்று வைத்தோம்.

முதல் பெட்டிக்கும் தாத்தாவின் பெட்டிக்கும் நடந்த போட்டியில் ஒருவரும் தேறவில்லை. எங்களில் அதிகம் பெற்றவள் 12, குறைவு 8. "தேன்" எங்கே, "தகரம்" எங்கே என்று தெரியாமல் முகம் சிவந்து நின்றோம். தாத்தாவும் உட்கார்ந்தார், "இன்னொரு தடவை போடும்மா" என்று பலமுறை கேட்டு எழுதினார். அவருக்கு 11.

மூன்றாவது பெட்டியின் கதை வேறு. ஜால்ரா ஒலிக்கும் இடத்தில் முதல் பெட்டியையும் அதையும் ஒப்பிட்டபோது எங்களில் மூவர் 16-க்குக் குறையாமல் பெற்றோம். இதற்குக் காரணம் உண்டு. படிக்கட்டாக விடும் முறையில் உயர்ந்த அதிர்வுகள் தேய்ந்துபோகும். 20,000 அதிர்வில் மின்னழுத்தம் ஏறக்குறைய 70 விழுக்காடாகக் குறைந்துவிடும். ஜால்ராவின் கூர்மை மழுங்கியது எங்கள் இளங்காதுக்குப் புலப்பட்டது. தாத்தாவுக்குப் புலப்படவில்லை, வயதானால் முதலில் குறைவது இந்த உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறனே. ஆக, திரை கட்டினால் காது பயனற்றதாகிவிடும் என்பதில்லை. உண்மையான வேறுபாடு இருந்தால் அது திரையையும் தாண்டி வருகிறது. ஆனால் வேறாக இருப்பதெல்லாம் மேலானதும் அல்ல. மழுங்கிய அந்த ஒலி மென்மையாக இருப்பதாக எங்களில் ஒருத்திக்கு மிகவும் பிடித்துவிட்டது. அது அவள் விருப்பம்; அதைத் தவறென்று சொல்ல முடியாது.

பெரியவர்களும் சோதித்தார்கள்

அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர் இதுபோன்ற சோதனையின் முடிவை 2007-ல் வெளியிட்டார்கள். குறுந்தகட்டைவிட நுட்பமான பதிவுகளை நேராகவும், குறுந்தகட்டு அளவுக்குச் சுருக்கியும் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்தார்கள். 554 முயற்சிகளில் சரியான விடை 276. நாணயம் சுண்டுவதற்கு ஒப்பானது. 2016-ல் இலண்டனைச் சேர்ந்த பேராசிரியர் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, சரியான விடை பாதியைவிடச் சற்றே கூடியிருந்தது. முன்பயிற்சி பெற்றவர்கள் மேலும் சிறப்பாகச் செய்தார்கள். சிறு வேறுபாடு சிலருக்குப் புலப்படலாம். ஆனால் இரவுக்கும் பகலுக்கும் உள்ள வேறுபாடு அன்று.

அப்படியானால் விலையுயர்ந்த பெட்டிகள் எல்லாம் வீணா? அப்படிச் சொல்ல மாட்டோம். உறுதியான உடல், பல கருவிகளை இணைக்கும் வசதி, பெரிய ஹெட்போனையும் இயக்கும் வலு, அழகு ஆகியவை அவற்றில் உண்டு. மட்டமான டாக்குகளும் உலகில் உண்டு. சில கணினிகளின் சொந்த ஒலியில் உஸ் என்ற இரைச்சலைத் திரையில்லாமலே கேட்கலாம். ஆனால் ஓரளவு நன்றாகச் செய்யப்பட்ட இரண்டுக்கு இடையே காது காணும் வேறுபாடு, விலை காட்டும் வேறுபாட்டுக்கு மிகமிகக் குறைவு.

வேறுபாடு எங்கே இருந்தது?

தாத்தாவின் வீடு பிரெஞ்சுக் காலத்துப் பழைய வீடு. உயர்ந்த கூரை, வழவழப்பான தரை, வெறும் சுவர்கள். கைதட்டினால் ஒலி சுற்றிச்சுற்றி வருகிறது. ஒலிபெருக்கிகளைச் சுவரிலிருந்து மூன்று அடி முன்னால் நகர்த்தினோம். தரையில் ஜமுக்காளம் விரித்தோம். சுவரில் கனத்த போர்வைகளைத் தொங்கவிட்டோம். மறுபடி பாடலைப் போட்டபோது, பட்டம்மாளின் சொற்கள் ஒவ்வொன்றும் தெளிந்து வந்தன. தாத்தாவும் பாட்டியும், அடுக்களையில் இருந்த அத்தையும்கூட ஒரே குரலில் "ஆகா!" என்றார்கள். செலவு ஒரு காசும் இல்லை.

தாத்தாவின் மனம் நொந்திருக்குமோ என்று நாங்கள் அஞ்சினோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சிரித்தார். "இத்தனை வருஷமா நான் பெட்டியைக் கேக்கறேன்னு நெனச்சேன். பட்டம்மாளைத்தான் கேட்டிருக்கேன்" என்றார். அந்தப் பெட்டி இன்றும் அதே இடத்தில் இருக்கிறது. அவர் நாள்தோறும் துடைத்து வைக்கிறார்.

தலைமைச் சகோதரியிடம் குறிப்பேட்டின் இரண்டு பக்கங்களையும் கொடுத்தோம். முதல் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று எங்களுக்குள் ஓர் ஆசை எழுந்தது உண்மை. முதல் நாள் நாங்கள் பொய் சொல்லவில்லை; ஆனால் நாங்கள் எழுதியது உண்மையாகவும் இருக்கவில்லை. அதை நம்பியிருந்தால் பிறர் அன்புடன் கொடுத்த பணம் வேறெங்கோ போயிருக்கும். இப்போது நம் இசையறையில் தீப்பெட்டி அளவு டாக் ஒன்று இருக்கிறது. மிச்சப் பணத்தில் நல்ல ஒலிபெருக்கிகளும், கனத்த திரைச்சீலைகளும், தரை நிறைய ஜமுக்காளமும் வந்துவிட்டன.

தோழியரே, ஒரு நாள் மாலை இசையறைக்கு வாருங்கள். பெட்டியைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு பாட்டைக் கேளுங்கள். நமக்குச் செவியைத் தந்த இறைவனுக்கு நன்றி!