பெயரே பெரிய சொத்து

ரயில்வே பணிமனைக் கிரேன்களுடன் பல்லாண்டுகள் பழகியவன் நான். நிற்கும் மோட்டாருக்கு முழு மின்சாரத்தையும் ஒரேயடியாகக் கொடுத்தால் பல மடங்கு கரண்ட் இழுக்கும். தொங்கும் சுமை குலுங்கும்.

அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்து இளைஞர் லிண்ட் பிராட்லி இதற்கு ஒரு வழி கண்டார். அடுக்கிய கார்பன் தகடுகளை மெல்ல அழுத்தினால் மின்தடை படிப்படியாகக் குறையும். மோட்டார் நிதானமாக வேகமெடுக்கும். 1903-ல் டாக்டர் ஸ்டான்டன் ஆலன் கொடுத்த ஆயிரம் டாலரில் தொழில் தொடங்கினார். தம்பி ஹாரியும் தோள் கொடுத்தார்.

1985-ல் சுமார் 165 கோடி டாலருக்கு அந்தக் கம்பெனி ராக்வெல் வசம் போனது. ஆனாலும் கண்ட்ரோல் பேனல்களில் 'ஆலன்-பிராட்லி' என்ற பெயர் இன்றும் இருக்கிறது.

வெளி மாநிலங்களில் பட்டறை நடத்தும் நம்மவர் பலருக்கு, பிள்ளைகள் தொழிலைத் தொடர்வார்களா என்ற கவலை. தொழில் கைமாறலாம், நாணயமான வேலையால் சம்பாதித்த பெயர் நிலைக்கும்.