அதிவேக ரயில் நின்றால் ஆபீஸ் வருமா?

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, பிம்ப்ரியில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் என்னைத் தனியே அழைத்தார்.

"சார், நீங்கள் ரயில்வேக்காரர், ஒரு யோசனை சொல்ல வேண்டும். மும்பை–புனே–ஹைதராபாத் புல்லட் ரயில் வரப்போகிறதாம். ஸ்டேஷன் வரும் இடத்துக்குப் பக்கத்திலேயே மனை என்று ஒரு ஏஜெண்ட் காட்டினார். நாலே வருஷத்தில் கம்பெனிகள் எல்லாம் அங்கே வந்துவிடும் என்கிறார். ஊரில் அப்பா நிலம் விற்ற பணம் இருக்கிறது. போட்டுவிடலாமா?"

நின்றுகொண்டே பதில் சொல்கிற கேள்வி அல்ல இது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னேன். அன்று அவரிடம் சொன்னது மற்றவர்களுக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நான் இருக்கும் தாபோடி வழியாக 1858-லிருந்தே ரயில் ஓடுகிறது. 1930-ல் தொடங்கிய டெக்கான் குவீனும் இவ்வழியேதான் போகிறது. ஆனால் இங்கே நிற்பதில்லை. லோனாவாலா லோக்கல்தான் நிற்கும். டெக்கான் குவீனால் தாபோடிக்குக் கிடைத்தது சத்தம் மட்டுமே! பாதை போகும் ஊர் வேறு, வண்டி நிற்கும் ஊர் வேறு. இதுதான் முதல் பாடம்.

அதிவேக ரயிலில் இது இன்னும் கடுமை. மும்பை–ஆமதாபாத் பாதை 508 கிலோமீட்டர், 12 நிலையங்கள். சில இடங்களில் மட்டும் நின்றால் சுமார் 2 மணி நேரப் பயணம். எல்லா நிலையங்களிலும் நின்றால் ஏறக்குறைய 3 மணி. அதாவது ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் போய்விடுகிறது. ஆகவே எல்லா வண்டிகளையும் எல்லா இடத்திலும் நிறுத்த மாட்டார்கள்.

இன்னொன்று. முழு வேகத்தில் ஓடும் பகுதிகளில் வளைவின் ஆரம் 6 கிலோமீட்டருக்குக் குறையக்கூடாது. ஒவ்வொரு ஊருக்குள்ளும் பாதையை வளைத்துக்கொண்டு போக முடியாது. அதனால்தான் பல ஊர்களில் ஸ்டேஷன் ஊருக்கு வெளியே விழுகிறது. சூரத் நிலையம்கூட நகருக்கு வெளியே அந்த்ரோலி கிராமத்தில்தான் அமைகிறது.

சரி, அப்படி வயல் நடுவே வந்த ஸ்டேஷன்களுக்கு என்ன ஆயிற்று? ஜப்பானில் ஷிங்கான்சென் ரயில் 1964 அக்டோபர் 1-ந்தேதி ஓடத் தொடங்கியது. அன்றைக்கு ஒரே பாதையில் பிறந்த இரண்டு ஸ்டேஷன்களைப் பாருங்கள்: ஷின்-யோகோஹாமா, கிஃபு-ஹாஷிமா. இரண்டும் விவசாய நிலத்தில் கட்டப்பட்டவை.

இன்று ஷின்-யோகோஹாமாவைச் சுற்றி ஆபீஸ்களும் ஹோட்டல்களும் நிறைந்திருக்கின்றன. கிஃபு-ஹாஷிமாவோ இன்னும் அமைதியான ஊர்தான். காரணம் என்ன? ஷின்-யோகோஹாமாவுக்குப் பக்கத்திலேயே பெரிய நகரங்கள். ஏற்கெனவே ஒரு சாதாரண ரயில் பாதை இருந்தது. 1985-ல் சுரங்க ரயிலும் வந்து சேர்ந்தது. நிற்கும் வண்டிகளும் படிப்படியாகக் கூடி, 2008 முதல் அதிவேகமான நோசோமி வண்டிகள் அனைத்தும் அங்கே நிற்கின்றன. கிஃபு-ஹாஷிமாவில் நோசோமி நிற்பதில்லை. ஜெயித்த ஸ்டேஷனுக்கே எத்தனை வருஷம் பிடித்தது என்று கணக்குப் பாருங்கள். நாலு வருஷம் அல்ல, இருபது முப்பது வருஷம்!

எந்தத் தொழில் வரும் என்பதையும் யோசிக்க வேண்டும். இந்த ரயில் ஏற்றிச் செல்வது ஆட்களை, சரக்கை அல்ல. நேரில் சந்தித்துப் பேசி நடக்கும் தொழில்களுக்குத்தான் அதனால் லாபம்: வங்கித் தலைமையகம், ஆலோசனை நிறுவனம், வக்கீல் ஆபீஸ், ஹோட்டல் போன்றவை. தொழிற்சாலைக்கு வேண்டியது மலிவான நிலமும் லாரி போகும் சாலையும். நம் ஹிஞ்சேவாடியே சாட்சி. ரயில் வாசனையே இல்லாமல் எத்தனை ஐ.டி. கம்பெனிகள் அங்கே வந்து குவிந்தன!

வருகிற ஆபீஸ்களும் பெரும்பாலும் புதிதாக முளைத்தவை அல்ல. பிரான்சில் லியோன் நகரின் பார்-தியூ நிலையத்தைச் சுற்றிப் பெரிய ஆபீஸ் வட்டாரம் இருக்கிறது. அங்கே வந்தவற்றில் பல அதே நகரின் வேறு பகுதிகளிலிருந்து இடம் மாறியவைதான். எதிர்மாறாகவும் நடக்கும். பெரிய நகரத்துக்குப் போய்வருவது சுலபமாகிவிட்டால், சின்ன ஊரில் கிளை எதற்கு என்று மூடிவிடுவார்கள். உறிஞ்சு குழாய் விளைவு என்று ஜப்பானியர் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

மும்பையில் பாந்திரா-குர்லா வளாகத்தில் புல்லட் ரயில் நிலையம் அமைகிறது. அங்கே வங்கிகளும் கம்பெனிகளும் முன்பே வந்துவிட்டன. ரயில்தான் அவற்றைத் தேடிப் போகிறது.

நம் புனே பாதை 2020-ல் ரயில்வே ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தடங்களில் ஒன்று. சென்னை–பெங்களூரு–மைசூரு தடமும் அதில் உண்டு. ஆகவே இதே ஏஜெண்ட் பேச்சை நம் ஊர்ப் பக்கமும் கேட்கலாம். ஆய்வு வேறு, நில எடுப்பு வேறு. எந்த சர்வே நம்பரில் ஸ்டேஷன் என்பது நில எடுப்பு அறிவிப்பு வந்தால்தான் உறுதி. அதற்கு முன் வாங்கும் மனை, ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இல்லாமல் பாதையின் மேலேயே விழுந்தாலும் விழும்!

அந்த இளைஞரிடம் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளச் சொன்னேன். ஒரு நாளைக்கு எத்தனை வண்டி அங்கே நிற்கும்? அங்கிருந்து ஊருக்குள் போக மெட்ரோவோ லோக்கலோ பஸ்ஸோ உண்டா? ரயில் வராமலே போனாலும் அந்த மனை நமக்கு உதவுமா? மூன்றாவதற்கு "ஆமாம்" என்று பதில் வந்தால் தாராளமாக வாங்கட்டும்.

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நல்லவேளை, இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை சார்" என்றார். அப்பா உழுத நிலத்தின் பணம் அல்லவா, அதற்கு அவசரம் ஆகாது.